எடைக்குப் போடும் பொருளா கைபேசி?

2007 ஆகஸ்டில் நோக்கியா நிறுவனம் உலகெங்கும் உள்ள தன் வாடிக்கையாளர்களுக்கு ஓர் எச்சரிக்கை விடுத்தது. அதன் பிஎல்-5சி வகைப் பேட்டரிகளில், மட்சுஷிட்டா நிறுவனம் 2005 டிசம்பர் முதல் 2006 நவம்பர் வரை தயாரித்துக் கொடுத்த 4 கோடியே 60 லட்சம் பேட்டரிகள் சார்ஜ் ஏறும்போது அளவுக்கு மீறிச் சூடாகலாம் என்றது. தீர்வு எளிதாக இருந்தது. பின்மூடியைக் கட்டைவிரலால் தள்ளித் திறந்து, பேட்டரியை வெளியே எடுத்து, அதன்மேல் அச்சிட்டிருந்த எண்ணைப் பார்க்க வேண்டும். பழுதான வரிசையில் வந்திருந்தால் புதிய பேட்டரி இலவசம். போன் அதே போன்தான். ஒன்பது ஆண்டுகள் கழித்து, 2016இல், சாம்சங்கின் கேலக்ஸி நோட் 7 தீப்பிடிக்கத் தொடங்கியது. அங்கும் பழுது பேட்டரியில்தான். ஆனால் அது உடலுக்குள் வைத்து ஒட்டி மூடப்பட்ட பேட்டரி. வாங்கியவரால் கழற்ற முடியாது. ஆகவே திரும்பப் பெறப்பட்டது முழு போன். மாற்றிக் கொடுத்தவையும் தீப்பிடிக்கவே அக்டோபரில் உற்பத்தியே நின்றது. தயாரான போன்கள் 43 லட்சம் என்று கிரீன்பீஸ் அமைப்பு கணக்கிட்டது. அவற்றை அழிக்கக் கூடாது என்று அந்த அமைப்பு போராடிய பிறகு, 2017 ஜூலையில் 4 லட்சம் போன்கள் சிறிய பேட்டரியுடன் நோட் எஃப்இ என்ற பெயரில் கொரியாவில் விற்பனைக்கு வந்தன. மிச்சத்திலிருந்து தங்கம், வெள்ளி, கோபால்ட், செம்பு என 157 டன் உலோகம் மீட்கப்படும் என்று நிறுவனம் அறிவித்தது.

பழைய பொருளைக் கையாள நம் ஊரில் இரண்டு வழி உண்டு. படித்து முடித்த செய்தித்தாளை எடைக்குப் போடுகிறோம். ஓடுகிற சைக்கிளை யாரும் எடைக்குப் போடுவதில்லை, ஓட்டப்போகிறவருக்கு விற்கிறோம். செய்தித்தாளின் வேலை முடிந்துவிட்டது, எஞ்சியது காகிதம் மட்டும். சைக்கிளில் வேலை இன்னும் மிச்சமிருக்கிறது. கைபேசியைப் பற்றிய பொதுப்பேச்சும் அரசின் விதிகளும் பெரும்பாலும் அதைச் செய்தித்தாளோடு சேர்த்துவிடுகின்றன. 2022இல் உலகில் சேர்ந்த மின்னணுக் கழிவு 6 கோடியே 20 லட்சம் டன், முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது 22.3 சதவீதம் என்று ஐநா அமைப்புகளின் 2024 அறிக்கை சொல்கிறது. கணக்கு முழுவதும் டன்னில் ஓடுகிறது. இருநூறு கிராம்கூட இல்லாத கைபேசி, குளிர்பதனப் பெட்டியும் சலவை இயந்திரமும் ஏறிய அதே தராசில் ஏறுகிறது. இந்தக் கணக்கு தவறான இடத்தில் தொடங்குகிறது என்பதே என் வாதம். பழைய கைபேசியின் மதிப்பில் மிகப் பெரும்பகுதி அதன் உலோகத்தில் இல்லை; அது இன்னும் செய்யக்கூடிய வேலையில் இருக்கிறது. உலோகம் காத்திருக்கும், அந்த வேலை காத்திருக்காது.

உலோகத்தையே முதலில் பார்ப்போம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் கணக்குப்படி, பத்து லட்சம் கைபேசிகளை மறுசுழற்சி செய்தால் ஏறத்தாழ 16 டன் செம்பு, 350 கிலோ வெள்ளி, 34 கிலோ தங்கம், 15 கிலோ பல்லேடியம் கிடைக்கும். கேட்கும்போது புதையல்தான். ஒரு போனுக்குப் பிரித்தால் தங்கம் 34 மில்லிகிராம். கிராம் பத்தாயிரம் ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 340 ரூபாய். சேகரிப்பு, பிரிப்பு, உருக்கு, சுத்திகரிப்பு ஆகிய அத்தனை செலவும் அந்தத் தொகையிலிருந்துதான் கழிய வேண்டும். அதனால்தான் உயிர்போன போனுக்குக் காயலான் கடையில் கிடைப்பது சொற்பக் காசு. அதே மாடல் டிஸ்பிளே உடையாமல், பேட்டரி ஒரு நாள் தாங்கும் நிலையில் இருந்தால் மறுவிற்பனையில் பல ஆயிரம் ரூபாய்க்குப் போகிறது. டோக்கியோ 2020 ஒலிம்பிக் பதக்கங்களுக்காக ஜப்பான் 2017 ஏப்ரல் முதல் 2019 மார்ச் வரை 78,985 டன் சிறு மின்னணுக் கருவிகளைச் சேகரித்தது. அவற்றில் 62 லட்சம் கைபேசிகளும் இருந்தன. 32 கிலோ தங்கமும் 3,500 கிலோ வெள்ளியும் சுமார் 5,000 பதக்கங்களும் அதிலிருந்து வந்தன. மக்களின் கழிவைப் பெருமைக்குரிய பொருளாக மாற்றிய அருமையான முயற்சி அது. ஆனால் கைபேசியை நகரத்துச் சுரங்கமாகப் பார்க்கும் பார்வையையும் அது உலகெங்கும் பரப்பியது. சுரங்கம் என்று பெயர் வைத்துவிட்டால் தோண்டுவது ஒன்றுதான் செய்ய வேண்டிய வேலை என்று தோன்றிவிடுகிறது.

உலோகத்தில் இல்லாத மதிப்பு வேறு எங்கே இருக்கிறது? 2022 செப்டம்பரில் ஸ்ரீபெரும்புதூரின் ஃபாக்ஸ்கான் ஆலையில் உற்பத்தி தொடங்கிய ஐபோன் 14ஐ எடுத்துக்கொள்ளலாம். எடை 172 கிராம். அதன் வாழ்நாள் முழுவதற்குமான கரியமில வாயு வெளியீடு 61 கிலோ என்று ஆப்பிளின் சொந்த அறிக்கையே சொல்கிறது. தன் எடையைப்போல் 350 மடங்கு. இதில் ஐந்தில் ஏறக்குறைய நான்கு பங்கு, போன் வாங்குபவர் கைக்கு வருமுன்பே, தயாரிப்பிலேயே வெளியாகிவிடுகிறது. வருடக்கணக்கில் சார்ஜ் போடுவதற்கு ஆகும் பங்கு சிறியது. போனை மூன்றாண்டில் ஒதுக்கினால் தயாரிப்பின் சுமை ஆண்டுக்கு ஏறத்தாழ 16 கிலோ. யார் கையிலாவது ஆறாண்டு ஓடினால் 8 கிலோ. பழைய குளிர்பதனப் பெட்டி மின்சாரம் தின்னும், புதியது சிக்கனம் என்ற வாதம் கைபேசிக்குப் பொருந்தாமல் போவது இதனால்தான்.

தயாரிப்பின் இந்தச் சுமையில் பெரும்பங்கு சிப்புகளால் வருகிறது. சிலிக்கனை மிகத் தூய நிலைக்குக் கொண்டுவந்து, தூசி புகாத அறைகளில், நூற்றுக்கணக்கான படிகளில் நுண்ணிய சுற்றுகளை அதன்மேல் அமைக்க வேண்டும். உலையில் போட்டவுடன் முதலில் அழிவது இந்த அமைப்புதான். பெல்ஜியத்தின் ஹோபோகனில் உள்ள யூமிகோர் ஆலை உலகின் தேர்ந்த உலைகளில் ஒன்று. 17 உலோகங்களை மீட்கும் திறன் கொண்டது. அங்கும் சிப் சிப்பாகத் திரும்பி வருவதில்லை. தங்கமும் வெள்ளியும் பல்லேடியமும் உருகிய செம்போடு சேர்ந்து வந்து பிறகு பிரிக்கப்படுகின்றன. டாண்டலமும் அரிய மண் தனிமங்களும் கசடோடு போய்விடுகின்றன. ஐநா சுற்றுச்சூழல் திட்டம் 2011இல் 60 உலோகங்களை ஆராய்ந்து, பாதிக்கும் மேற்பட்டவை 1 சதவீதம்கூட மறுசுழற்சி ஆவதில்லை என்று கண்டது. கிழக்கு காங்கோவில் ஆயுதக் குழுக்களுக்கு வருமானம் தந்த கோல்டான் தாதுவிலிருந்து வருவதுதான் டாண்டலம். கைபேசிக்காக மனிதர்கள் கொடுத்த விலை மிக அதிகமாக உள்ள உலோகத்தையே மறுசுழற்சி கைவிடுகிறது. அதைக் காப்பாற்ற வேண்டுமானால், அது இருக்கும் போன் ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

அந்த ஓட்டத்தை நிறுத்துவது உலையோ குப்பைமேடோ அல்ல, வீட்டு இழுப்பறை. 2008இல் 13 நாடுகளில் 6,500 பேரிடம் நோக்கியா நடத்திய ஆய்வில், பழைய போனை மறுசுழற்சிக்குக் கொடுத்ததாகச் சொன்னவர்கள் 3 சதவீதம். குப்பையில் எறிந்தவர்களும் 4 சதவீதம்தான். 44 சதவீதம் பேர் போனை வீட்டிலேயே போட்டு வைத்திருந்தார்கள். இந்த எண்களைப் பார்த்தவர்கள் அந்த 3 சதவீதத்தைப் பற்றியே பேசினார்கள். என் கண்ணுக்கு 44தான் பெரிதாகப் படுகிறது. தங்கம் இழுப்பறையில் கெடாது, பத்தாண்டு கழித்தும் அதே 34 மில்லிகிராம்தான். போனோ ஒவ்வொரு மாதமும் ஏதோ ஒன்றை இழக்கிறது. பேட்டரி சும்மா கிடந்தாலும் தளர்கிறது, சார்ஜ் அடியோடு இறங்கி நெடுநாள் கிடந்தால் பிறகு ஏறாமலே போகிறது. மென்பொருள் புதுப்பிப்பு நிற்கிறது. வங்கிச் செயலிகள் பழைய ஆண்ட்ராய்டில் திறக்க மறுக்கின்றன. அந்த மாடலுக்கு டிஸ்பிளே வருவது நின்றுபோகிறது. ஒதுக்கிய மாதத்திலேயே இன்னொருவர் கைக்குப் போயிருக்க வேண்டிய போன், மூன்றாண்டு கழித்து எடைக்குப் போட மட்டுமே தகுந்ததாகிறது. அப்போது அதைச் சேகரிப்புப் பெட்டியில் பொறுப்போடு கொண்டுபோய்ப் போடுவது நல்ல காரியம்தான். ஆனால் இழப்பு அதற்கு முன்பே நடந்து முடிந்துவிட்டது.

ஏன் போட்டு வைக்கிறார்கள்? அவசரத்துக்கு இருக்கட்டும் என்பது ஒரு காரணம். அதைவிட வலுவானது, உள்ளே இருக்கும் படங்களும் வங்கி விவரங்களும் யார் கையிலாவது சிக்கிவிடும் என்ற அச்சம். இது வீண் அச்சமாகத் தொடங்கவில்லை. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் லாரன்ட் சைமனும் ராஸ் ஆண்டர்சனும் 21 பழைய ஆண்ட்ராய்டு போன்களைச் சோதித்து 2015இல் வெளியிட்ட ஆய்வு, ஃபேக்டரி ரீசெட் செய்த பிறகும் தகவல்களை மீட்க முடிந்ததைக் காட்டியது. அதே ஆண்டின் இறுதியில் வந்த ஆண்ட்ராய்டு 6, போதிய வேகமுள்ள புதிய போன்களில் தகவலை மறையாக்கம் செய்து வைப்பதைக் கட்டாயமாக்கியது. ஐபோனில் அது முன்பே இருந்தது. மறையாக்கம் செய்த போனில் ரீசெட் கொடுத்தால் திறவுகோல் அழிந்துவிடுகிறது. நினைவகத்தில் எழுத்துகள் மிஞ்சினாலும் படிக்க வழியில்லை. தொழில்நுட்பம் தீர்த்துவிட்ட சிக்கலை மக்களிடம் யாரும் விளக்கிச் சொல்லவில்லை என்பதுதான் இன்றைய நிலை. இதன் மறுபக்கமும் உண்டு. திருட்டைத் தடுக்க 2013இல் ஐபோனுக்கும் 2015இல் ஆண்ட்ராய்டுக்கும் வந்த கணக்குப் பூட்டு, உரிமையாளர் தன் கணக்கிலிருந்து வெளியேறாமல் நேர்மையாகக் கொடுத்துவிட்ட போன்களையும் பூட்டிவிடுகிறது. நன்றாக ஓடும் போன்கள் இதனாலேயே உதிரிபாகத்துக்காகப் பிரிக்கப்படுகின்றன.

பூட்டைத் தளர்த்தினால் திருட்டு போன்கள் சந்தைக்கு வருமே என்று கேட்கலாம். பூட்டைத் தளர்த்த வேண்டியதில்லை. 2023 மே மாதம் நாடு முழுவதற்கும் விரிந்த சிஇஐஆர் என்ற அரசுப் பதிவேடு, தொலைந்த போனின் ஐஎம்இஐ எண்ணை, அதாவது அந்தப் போனுக்கே உரிய அடையாள எண்ணை, முடக்க வழி செய்கிறது. வாங்குபவர் *#06# அழுத்தி எண்ணை அறிந்து, அந்தப் போன் முடக்கப்பட்டதா என்று சரிபார்க்கலாம். பழைய சைக்கிள் வாங்கும்போது ரசீது கேட்பதைப்போல இது பழக்கமாக வேண்டும். எல்லாக் கடையிலும் இந்தச் சோதனை நடந்தால் திருடனுக்குச் சந்தை சுருங்கும், நேர்மையான விற்பனையாளருக்கு மதிப்பு கூடும்.

அடுத்த தடை பழுதுபார்ப்பில் இருக்கிறது. மின்னணுக் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவிலும் ஒவ்வோர் ஊர்க் கடைவீதியிலும் சிறு மேசைகளில் நடக்கும் வேலையை நாம் போதுமான அளவு மதிக்கவில்லை என்று நினைக்கிறேன். மைக்ரோஸ்கோப்பின் கீழ் போர்டை வைத்து, ஷார்ட் ஆன ஐசியை, அதாவது சிப்பை, தேடிக் கண்டுபிடித்து, சூடான காற்றால் அதைக் கழற்றி, ஒரு டெட் போனின் போர்டிலிருந்து எடுத்த ஐசியின் அடியில் புதிய ஈயக் குமிழ்களை இட்டு, அதாவது ரீபால் செய்து, அங்கே பொருத்துகிறார்கள். ஹோபோகன் உலையால் முடியாதது இங்கே நடக்கிறது: சிப், சிப்பாகவே அடுத்த போனுக்குப் போகிறது. ஆனால் இவர்களுக்கு ஒரிஜினல் உதிரிபாகம் எட்டுவது அரிது. சில தயாரிப்பாளர்கள் உதிரிபாகத்தை அந்தந்தப் போனோடு மென்பொருளால் பிணைத்துவிடுவதால், இன்னொரு போனிலிருந்து எடுத்த ஒரிஜினல் டிஸ்பிளேகூட முழுமையாக வேலை செய்வதில்லை. அமெரிக்காவின் ஒரேகான் மாநிலம் 2024இல் இந்தப் பிணைப்புக்குத் தடை விதித்துச் சட்டம் இயற்றியது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல், விற்பனை நின்ற பிறகும் ஏழாண்டுக்கு உதிரிபாகம் தர வேண்டும், பேட்டரி 800 முறை சார்ஜ் ஏறிய பின்னும் 80 சதவீதத் திறன் காக்க வேண்டும் என்ற விதி நடப்புக்கு வந்தது. இந்தியாவில் 2022 டிசம்பரில் பழுதுநீக்கும் உரிமைக்கென ஓர் இணையவாயில் திறக்கப்பட்டது. பொருள்களின் பழுதுநீக்குத் தகுதியை அளவிடுவதற்கான குழு 2025 மே மாதம் அறிக்கை கொடுத்தது. நல்ல தொடக்கங்கள். ஆனால் கட்டாயம் இல்லாத இடத்தில் தயாரிப்பாளர் தானாக இறங்கி வருவார் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

தெருக் கடைகளை இப்படி உயர்த்திப் பேசுவது ஆபத்து, போர்டுகளை எரிப்பதும் அமிலத்தில் கழுவுவதும் இதே அமைப்புசாராத் துறைதானே என்ற எதிர்வாதம் வலுவானது. உத்தரப் பிரதேசத்தின் மொராதாபாத்தில் ராமகங்கை ஆற்றங்கரையில் போர்டுகளை எரித்துச் சாம்பலைக் கழுவிச் செம்பு பிரிக்கிறார்கள். டெல்லி சீலம்பூரில் கைகளால் உடைத்துப் பிரிக்கிறார்கள். அந்த மண்ணும் நீரும் அங்கே வேலை செய்பவர்களின் உடலும் அதற்கு விலை கொடுக்கின்றன. ஆனால் பழுதுபார்ப்பவரையும் போர்டு எரிப்பவரையும் ஒரே பெயரில் அடக்குவது பிழை. முன்னவருக்குப் போன் உயிரோடு இருந்தால் வருமானம், பின்னவருக்கு அது செத்தால். முன்னவர் எத்தனை போன்களைக் காப்பாற்றுகிறாரோ அத்தனை போர்டுகள் எரியும் இடத்துக்குத் தாமதமாகப் போகின்றன. கடைசியில் எல்லாப் போனும் ஒரு நாள் எடைக்குத்தான் போகும், அன்று அதற்கு முறையான ஆலை வேண்டும். அதில் எனக்கு மறுப்பில்லை. சிப்பும் டிஸ்பிளேயும் கேமராவும் கழன்ற பிறகு மிஞ்சும் கூடு மட்டும் ஆலைக்குப் போக வேண்டும் என்பதே வேறுபாடு.

மறுவிற்பனைக்கு எதிராக இன்னும் கூர்மையான வாதம் பொருளியலிலிருந்து வருகிறது. பழைய போனை வாங்குபவர் அது இல்லாவிட்டால் புதியதை வாங்கியிருப்பார் என்பதற்கு என்ன உறுதி? விற்றவரும் கிடைத்த பணத்தைப் போட்டு இன்னும் விலையுயர்ந்த புதிய போனை வாங்கலாமே? ஸ்மார்ட்போன் மறுபயன்பாட்டை ஆராய்ந்து 2018இல் வெளிவந்த தமர் மகோவ், டேவிட் ஃபோன்ட் விவான்கோ ஆகியோரின் கட்டுரை, கரியமில வாயுச் சேமிப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இப்படி வீணாகலாம், சில நிலைமைகளில் முழுவதுமே வீணாகலாம் என்று கண்டது. இதை ஒதுக்கிவிட முடியாது. விற்பதை எளிதாக்கினால் மட்டும் போதாது என்பதே இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது. கடைகள் தரும் எக்ஸ்சேஞ்ச் சலுகை பழைய போனை இழுப்பறையிலிருந்து மீட்கிறது. கூடவே இரண்டாண்டில் மாற்றும் பழக்கத்தையும் வளர்க்கிறது. ஆகவே முதல் உரிமையாளரே பேட்டரியை மாற்றி இன்னும் இரண்டாண்டு வைத்திருப்பது முதல் தேர்வு, விற்பது இரண்டாவது, உலை கடைசி. இன்னொன்றும் சொல்ல வேண்டும். பழைய போன் வாங்கிய ஒருவர் அது இல்லாவிட்டால் எதையுமே வாங்கியிருக்க மாட்டார் என்றால், கரியமிலக் கணக்கில் அது சேமிப்பாகாது. ஆனால் 2020இல் பள்ளிகள் மூடியிருந்தபோது பாடம் முழுவதும் போனுக்குள் போனதை நினைத்தால், அந்தப் போன் ஒரு வீட்டுக்குள் நுழைந்ததை வீண் என்று யாரும் சொல்ல முடியாது.

பாதுகாப்புப் புதுப்பிப்பு நின்ற போனை ஏழைகளிடம் தள்ளுவது நியாயமா என்ற கேள்வியும் நியாயமானதே. ஆனால் புதுப்பிப்பு நிற்பது இயற்கை விதியன்று, தயாரிப்பாளரின் முடிவு. 2023இல் பிக்சல் 8க்கு கூகுளும் 2024இல் எஸ்24 வரிசைக்குச் சாம்சங்கும் ஏழாண்டுப் புதுப்பிப்பு தருவதாக அறிவித்தன. விலையுயர்ந்த மாடலுக்கு முடிவது, பெருவாரியானவர்கள் வாங்கும் பத்தாயிரம் ரூபாய் போனுக்கும் முடிய வேண்டும். பணக்கார நாடுகள் தம் பழைய போன்களை நம்மிடம் கொட்டிவிடும் என்ற அச்சமும் ஆராயத்தக்கது. பழைய ஐபோன்களை இறக்குமதி செய்து விற்க ஆப்பிள் கேட்ட அனுமதியை இந்திய அரசு 2016இல் மறுத்தது. மின்னணுக் கழிவு குவிந்த கானாவின் அக்போக்புளோஷி போன்ற இடங்களுக்கு நேர்ந்ததைப் பார்த்தால் அந்த எச்சரிக்கை புரிகிறது. ஆனால் இங்கே பேசுவது நம் வீடுகளிலேயே முடங்கிக் கிடக்கும் போன்களைப் பற்றி. அவற்றுக்கு எல்லை தாண்டும் கேள்வி எழவில்லை.

இனி நம் விதிகளுக்கு வருவோம். 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள மின்னணுக் கழிவு விதிகள், தயாரிப்பாளர்மேல் மறுசுழற்சிப் பொறுப்பைச் சுமத்துகின்றன. இலக்கு எடையில். தங்கம், செம்பு, இரும்பு, அலுமினியம் ஆகிய நான்கு உலோகங்களை மீட்ட அளவுக்கு மறுசுழற்சி ஆலைக்குச் சான்றிதழ்; தயாரிப்பாளர் அதை வாங்கி இலக்கை நிறைவு செய்கிறார். 2024இல் அதற்கு அரசு குறைந்தபட்ச விலை வைத்தது. கைபேசிக்குக் கிலோவுக்கு 34 ரூபாய். சில நிறுவனங்கள் இதை எதிர்த்து டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போயின. 172 கிராம் போனுக்கு அந்தக் குறைந்தபட்ச விலை ஆறு ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. இதே விதிகளில் ஒரு நல்ல பிரிவும் இருக்கிறது: பழுதுநீக்கி மீண்டும் ஓடவைத்த பொருளுக்கான பொறுப்பைத் தள்ளிவைக்கலாம், நீட்டித்த ஆயுள் முடிந்த பின் அதில் 75 சதவீதத்தைக் கணக்கில் சேர்த்தால் போதும். ஆனால் பழுதுநீக்கியதற்கான சான்றிதழ் பெற மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு வேண்டும். குறுந்தொழில்களுக்கு விதிகளிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டிருக்கிறது. சுமையிலிருந்து விலக்கு என்பது நல்லெண்ணம்தான், ஆனால் தெருமுனை சர்வீஸ் கடை அதனாலேயே இந்தக் கணக்கின் வெளியிலும் நின்றுவிடுகிறது. கைபேசிக்கு மட்டுமாவது இலக்கை எடையிலிருந்து எண்ணிக்கைக்கு மாற்ற வேண்டும். ஒவ்வொரு போனுக்கும் ஏற்கெனவே ஐஎம்இஐ எண் இருக்கிறது, பதிவேடு இருக்கிறது. செயலிழந்த போன் பழுதுநீங்கிப் புதிய உரிமையாளரின் சிம்மோடு ஓடத் தொடங்கியதை அந்த எண்ணைக் கொண்டே சரிபார்க்க முடியும். அந்த ஒரு போனுக்கு இவ்வளவு என்று தயாரிப்பாளர் கொடுக்கும் தொகை, ஆறு ரூபாயைவிடப் பல மடங்காக, மைக்ரோஸ்கோப்பின் முன் உட்கார்ந்து ஐசியை மாற்றியவரின் கணக்குக்குப் போக வேண்டும்.